ஒரு பாட்டுக்கு மட்டும் வந்தவர்கள்

நீங்களே கவனித்திருப்பீர்கள். வில்லனின் ஆட்கள் ஒரு இடத்தில் கூடியிருப்பார்கள். ஹீரோ மாறுவேடத்தில் உள்ளே வருவார். உடனே அதுவரை படத்தில் தலைகாட்டாத ஒரு பெண் வந்து ஐந்து நிமிடம் ஆடுவார். பாட்டு முடிந்ததும் அவர் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. கதையில் அவருக்குப் பெயர்கூட இருக்காது. ஆனால் படம் மறந்துபோன பிறகும் அந்தப் பாட்டு மட்டும் மினி பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஓடிக்கொண்டே இருக்கும்!

இந்த ஐந்து நிமிட ஆட்டத்துக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு பெயர். அறுபதுகளில் 'கிளப் டான்ஸ்', 'காபரே'. எண்பதுகளில் 'கவர்ச்சி நடனம்'. அப்புறம் 'குத்துப்பாட்டு'. மும்பையிலிருந்து இறக்குமதியான 'ஐட்டம் சாங்'. இப்போது டைட்டிலில் மரியாதையாக 'சிறப்புத் தோற்றம்'. இந்தப் பெயர்களின் பின்னால் போனால், ஆட்டம் மாறிய கதையோடு இன்னொரு கதையும் கிடைக்கிறது. ஆட வந்தவர்களில் யார் கதைக்குள் நுழைய முடிந்தது, யார் பாட்டோடு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்ற கதை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதல் படத்திலேயே ஆரம்பித்தது

தமிழ் பேசிய முதல் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. நாயகி டி.பி.ராஜலட்சுமி. காளிதாசன் காலத்துக்கும் காந்தியின் ராட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் ராட்டையைப் பற்றிய பாட்டு படத்தோடு இருந்தது. கூடவே ராஜலட்சுமியின் குறத்தி நடனமும் காட்டப்பட்டது. கதைக்குத் தேவையோ இல்லையோ, டிக்கெட் வாங்கியவருக்கு ஒரு ஆட்டம் உண்டு என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. நாடக மேடையிலிருந்து சினிமா அப்படியே எடுத்துக்கொண்ட பழக்கம் இது. நாடகத்தில் காட்சிக்குக் காட்சி திரை மாற்றும் நேரத்தில் கோமாளியோ ஆட்டக்காரியோ வந்து கூட்டத்தைக் கட்டிப்போடுவார்கள் அல்லவா, அதன் தொடர்ச்சி.

முப்பதுகளும் நாற்பதுகளும் நடனத்துக்கே ஒரு கொந்தளிப்பான காலம். கோயில்களையும் மிராசுதார் வீடுகளையும் சார்ந்து இருந்த சதிர், 'பரதநாட்டியம்' என்ற பெயரில் சபா மேடைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதே சமயம் அதைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த பெண்கள் மேடையிலிருந்து இறக்கப்பட்டார்கள். 1947ல் தேவதாசி முறையைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. பெண்களைப் பொட்டுக்கட்டும் கொடுமைக்கு முடிவு வந்தது நல்ல விஷயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆட்டத்துக்குக் கிடைத்த மரியாதை, அதைக் காப்பாற்றி வந்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

அதே 1947ல் ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' வந்தது. அதில் சிறுமி கமலா, வழுவூர் ராமையா பிள்ளை அமைத்த நடனத்தை பாரதியார் பாட்டுகளுக்கு ஆடினார். பட்டிதொட்டியெல்லாம் அந்த ஆட்டம் பேசப்பட்டது. 'நல்ல வீட்டுப் பெண்ணும் ஆடலாம்' என்று நடுத்தரக் குடும்பங்கள் நம்பத் தொடங்கியதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

முரசு மேல் ஏறிய நாயகி

இந்தக் கட்டத்தில் நாம் சந்திக்க வேண்டியவர் டி.ஆர்.ராஜகுமாரி. தஞ்சாவூர்க்காரர். 1944ல் 'ஹரிதாஸ்' படத்தில் எம்.கே.தியாகராஜ பாகவதரை மயக்கும் ரம்பாவாக வந்தார். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் அது! நான்கு வருடம் கழித்து, 1948ல், எஸ்.எஸ்.வாசன் பணத்தைத் தண்ணீராக இறைத்து எடுத்த 'சந்திரலேகா'வுக்கு அவரே நாயகி.

அந்தப் படத்தின் முரசு நடனத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை தேடிப் பாருங்கள். பிரம்மாண்டம் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், அந்த நடனம் கதையில் செய்யும் வேலை. வில்லன் சசாங்கன் சந்திரலேகாவைக் கட்டாயக் கல்யாணத்துக்கு நெருக்குகிறான். அவள் சம்மதிப்பதுபோல் நடித்து, அதற்கு முன் ஒரு முரசு நடனம் நடக்க வேண்டும் என்கிறாள். ஆட்டம் முடிகிற நேரத்தில் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்கிறார்கள். அதாவது ஆட்டம்தான் நாயகியின் ஆயுதம். அதை எடுத்துவிட்டால் கதையே நின்றுபோகும்.

அந்தக் காலத்தில் ஆட்டத்திலிருந்து கதைக்குப் போக வழி இருந்தது. திருவிதாங்கூர் சகோதரிகள் லலிதா - பத்மினி நாற்பதுகளின் கடைசியில் பல படங்களில் நடனத்துக்காக மட்டுமே வந்தார்கள். அவர்கள் ஆட்டம் இருக்கிறது என்றால் படத்துக்குத் தனி மவுசு. பிறகு அதே பத்மினி முன்னணி நாயகியானது நமக்குத் தெரியும். செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான் 1956ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடியவர். இந்தி சினிமாவுக்குப் போய், அடுத்த வருடமே 'பியாசா'வில் குருதத்துடன் நடித்துப் பெரும் புகழ் பெற்றார்.

இந்தக் காலத்தின் உச்சம் 1958ல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. பத்மினியும் வைஜெயந்திமாலாவும் மோதும் அந்தப் போட்டி நடனமும், நடுவில் பி.எஸ்.வீரப்பா சொல்லும் "சபாஷ், சரியான போட்டி!"யும் இன்றைக்கும் மீம் வரை வந்து நிற்கின்றன. ஆடிய இருவருமே கதையின் மையத்தில் இருப்பவர்கள். அதனால்தான் யார் ஜெயிப்பார் என்று நமக்குப் படபடக்கிறது.

ஆனால் அதே 1958ல் இன்னொன்றும் நடந்தது. 'உத்தம புத்திரன்' படத்தில் சிவாஜியோடு ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போக ஹெலன் பம்பாயிலிருந்து வந்தார். பாட்டு முடிந்தது, அவரும் கதையை விட்டுப் போனார். வரப்போகும் காலத்துக்கு அது ஒரு முன்னோட்டம்.

மதுவிலக்கு ஊரில் கிளப் டான்ஸ்

அறுபதுகளில் அரண்மனை போய் 'கிளப்' வந்தது. ராஜா ராணிக் கதைகள் குறைந்து, துப்பறியும் கதைகளும் குடும்பக் கதைகளும் பெருகின. அரசவை இல்லாவிட்டால் ஆட்டத்தை எங்கே வைப்பது? ஹோட்டலில், கிளப்பில், கடத்தல்காரனின் ரகசிய இருப்பிடத்தில்!

இங்கே ஒரு வேடிக்கை. 1948லிருந்து 1971 வரை தமிழ்நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது. டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த மனிதருக்குச் சட்டப்படி ஒரு சாராயக்கடைகூடக் கிடையாது. அவர் முன்னால் கண்ணாடிக் கோப்பை, கலர் விளக்கு, சாக்ஸபோன், அரைகுறை உடையில் ஒரு நடனம். எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த கிளப் நம் ஊர் எதையும் காட்டவில்லை. 'கெட்டுப்போன நகரம்' என்று நாம் கற்பனை செய்துவைத்திருந்த ஒன்றைக் காட்டியது. அதனால் அங்கே ஆடுகிறவளும் கெட்டுப்போனவளாகவே இருக்க வேண்டியதாயிற்று.

1964ல் வந்த 'புதிய பறவை'யைப் பாருங்கள். கிளப்பில் பாடும் பெண்ணாக சௌகார் ஜானகி வருகிறார். என்ன ஒரு பாட்டு! ஆனால் கதை அவரைக் குடும்பத்துக்கு ஆகாதவராகக் காட்டி, சாகவும் வைக்கிறது. நாயகிக்குப் புடவை, கிளப்காரிக்குக் கவுன் என்ற பாகப்பிரிவினை இந்தக் காலத்தில்தான் கெட்டிப்பட்டது. நாயகியே அப்படி ஆட வேண்டுமானால் அதற்கு ஒரு வேஷமோ நிர்ப்பந்தமோ தேவைப்பட்டது. 1969ல் ஸ்ரீதரின் 'சிவந்த மண்' படத்தில் சாட்டையடிக்கு நடுவே காஞ்சனா ஆடும் பாட்டு அப்படிப்பட்டதுதான்.

அந்தப் பாட்டைப் பாடியவர் எல்.ஆர்.ஈஸ்வரி. மெல்லிசை மன்னர் காலத்து கிளப் பாட்டுகள் என்றாலே இவர் குரல்தான். அழுகைக்கும் தாலாட்டுக்கும் பி.சுசீலா, ஆட்டத்துக்கு எல்.ஆர்.ஈஸ்வரி என்று குரலிலேயே ஒரு பாகப்பிரிவினை! ஆனால் ஆடி மாதம் வந்தால் தெருமுனை அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரில் ஒலிப்பதும் இதே ஈஸ்வரியின் குரல்தான். ஒரே தொண்டை. சினிமாவில் கேட்டால் கிளப், கோயிலில் கேட்டால் பக்தி. கூழ் ஊற்றும் இடத்தில் யாரும் "இது காபரே பாடிய குரலாச்சே" என்று காதைப் பொத்திக்கொள்வதில்லை. குரலுக்குக் கிடைத்த இந்தச் சுதந்திரம் உடம்புக்குக் கிடைக்கவில்லை.

அந்த உடம்புகளுக்குப் பெயர் உண்டு. ஜோதிலட்சுமி, விஜயலலிதா, சி.ஐ.டி. சகுந்தலா, ஜெயமாலினி. சகுந்தலாவுக்கு 'சி.ஐ.டி. சங்கர்' (1970) படத்தால் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. ஜோதிலட்சுமி வளர்ந்தது எஸ்.பி.எல்.தனலட்சுமி என்ற பழைய நடிகையின் வீட்டில். அந்தத் தனலட்சுமி, நாம் முன்பு பார்த்த டி.ஆர்.ராஜகுமாரிக்கு நெருங்கிய உறவு! ஜோதிலட்சுமியின் தங்கைதான் ஜெயமாலினி. ஒரே உறவு வட்டத்தில் மூத்தவர் முரசு மேல் ஏறிக் கதையையே திருப்பினார். அடுத்த தலைமுறையில் வந்த இருவரும் கோப்பையோடு ஆடிவிட்டுப் போனார்கள். திறமை குறைந்தா போயிற்று? இல்லை. இடையில் சினிமா அவர்களுக்கு ஒதுக்கிய இடம்தான் குறைந்துபோயிற்று.

சிலுக்கு

எண்பதுகளைப் பற்றிப் பேசினால் ஒரு பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஆந்திராவின் ஏலூர் பக்கத்திலிருந்து வந்த விஜயலட்சுமி என்ற பெண், 1980ல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் சாராயக்கடைப் பெண்ணாக நடித்தார. அந்தப் பாத்திரத்தின் பெயர் சிலுக்கு. பாத்திரத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டு, சில்க் ஸ்மிதா ஆனார்.

அவருக்கு நடிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால், 1981ல் வந்த பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை'யைப் பார்க்கச் சொல்லுங்கள். தியாகராஜனின் மனைவியாக, ஆட்டம் எதுவும் இல்லாமல், கண்ணாலேயே பேசியிருப்பார். 1982ல் பாலுமகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யிலும் அவருக்கு ஒரு முழுப் பாத்திரம் இருந்தது. ஆனால் அதே 1982ல் 'சகலகலா வல்லவன்' வந்தது. கமலோடு அவர் ஆடிய பாட்டு தமிழ்நாட்டையே ஆட்டியது. அதன் பிறகு கோடம்பாக்கத்துக்கு அவரிடம் நடிப்பு தேவைப்படவில்லை.

இதில் வியாபாரக் கணக்கு ஒன்று இருக்கிறது. அப்போது படங்கள் ஏரியா ஏரியாவாக விநியோகஸ்தர்களுக்கு விற்கப்பட்டன. ஹீரோ புதுமுகம், டைரக்டர் புதுமுகம் என்றால் வாங்க ஆள் வராது. "சிலுக்கு பாட்டு ஒன்று சேருங்கள், எடுத்துக்கொள்கிறோம்" என்பார்கள். முடிந்துபோய் பெட்டிக்குள் தூங்கிய படத்தில்கூட ஒரு நாள் ஷூட்டிங் வைத்து அவர் பாட்டைச் சேர்த்து விற்றார்கள். போஸ்டரில் நாயகியைவிடப் பெரிதாக அவர் படம். ஆக, படத்தை விற்பவர் அவர். ஆனால் அந்தப் படத்தின் கதையில் அவருக்கு ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு மாலைப்பொழுது என்று எதுவும் கிடையாது.

அனுராதா, டிஸ்கோ சாந்தி என்று இன்னும் பலர் இதே பாதையில் வந்தார்கள். இவர்கள் ஆடிய பாட்டுகள் ஊர்த் திருவிழா 'ரெக்கார்டு டான்ஸ்' மேடைகளுக்குப் போயின. அங்கே சிலுக்கு மாதிரியே உடுத்தி, சிலுக்கு மாதிரியே ஆடியவர்களின் பெயரை எந்த சினிமாப் பத்திரிகையும் எழுதவில்லை. நிழலின் நிழல் அவர்கள்.

1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் தன் வீட்டில் சில்க் ஸ்மிதா இறந்துகிடந்தார். வயது 35. பதினைந்து வருடம் கழித்து, 2011ல், அவர் வாழ்க்கையைத் தழுவியது என்று பேசப்பட்ட 'தி டர்ட்டி பிக்சர்' இந்தியில் வந்தது. அதில் நடித்த வித்யா பாலனுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. வித்யா பாலன் அருமையாக நடித்திருந்தார், விருதுக்குத் தகுதியானவர்தான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்... சிலுக்காக நடித்தால் விருது. சிலுக்காகவே இருந்தால்?

ஆண்கள் ஆட வந்தபோது

தொண்ணூறுகளில் ஆச்சரியமான ஒரு திருப்பம். ஒரு பாட்டுக்கு மட்டும் வந்து படத்தையே தூக்கிக்கொண்டு போகிற வேலையை ஒரு இளைஞர் செய்ய ஆரம்பித்தார். டான்ஸ் மாஸ்டர் சுந்தரத்தின் மகன் பிரபுதேவா. 1991ல் 'இதயம்', 1992ல் 'சூரியன்', 1993ல் 'ஜென்டில்மேன்'. கடைசிப் படத்தில் அவரும் கௌதமியும் ஆடிய ரயில் பாட்டு ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் எப்படிப் பறந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த வருடமே, 1994ல், 'இந்து', 'காதலன்' என்று அவர் ஹீரோ! பிறகு இயக்குநரும் ஆனார். குழு நடனக் கலைஞராக வாழ்க்கையைத் தொடங்கிய ராகவா லாரன்ஸும் இதே மாதிரி ஒற்றைப் பாட்டுகளில் தலைகாட்டி, பின்னால் 'காஞ்சனா' (2011) எடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். இருவரின் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஆட வந்த ஆண் இரண்டு மூன்று பாட்டில் நாயகனாகிறான். ஆட வந்த பெண் நூறு பாட்டு ஆடினாலும் நூற்றியோராவது பாட்டுக்குத்தான் கூப்பிடப்படுகிறாள். அவனுக்கு ஆட்டம் என்றால் திறமை. அவளுக்கு ஆட்டம் என்றால் குணம்!

விருந்தாளி நாயகிகள்

இரண்டாயிரங்களில் மறுபடியும் ஒரு மாற்றம். டப்பாங்குத்தும் கானாவும் முழு வேகத்தில் சினிமாவுக்குள் வந்தன. கூடவே முன்னணி நாயகிகளும் ஒரு பாட்டுக்கு ஆட வந்தார்கள். 'ஷாஜகான்' (2001) படத்தில் மீனா, 'யூத்' (2002) படத்தில் சிம்ரன், 'சித்திரம் பேசுதடி' (2006) படத்தில் மாளவிகா. அந்த மீன் பாட்டின் மூலம் கானா உலகநாதனின் குரல் கல்யாண வீடு வரை போனது. நயன்தாரா 'சிவகாசி' (2005), 'சிவாஜி' (2007) இரண்டிலும் ஒரு பாட்டுக்கு வந்தார். பிறகு தன் பெயரிலேயே படத்தை ஓட்டும் நாயகியாகவும் உயர்ந்தார்.

இது நல்ல மாற்றம்தானே என்று கேட்கலாம். பாதி உண்மை. மேலே இருப்பவர் கீழே இறங்கி வந்து ஆடிவிட்டு, கௌரவம் குறையாமல் திரும்பிப் போகலாம் என்று ஆகியிருக்கிறது. கீழே இருப்பவர் மேலே போவது அப்போதும் கஷ்டம்தான். 1999ல் டி.ராஜேந்தரின் 'மோனிஷா என் மோனலிசா'வில் நாயகியாக அறிமுகமானவர் மும்தாஜ். 'குஷி' (2000), 'சாக்லேட்' (2001) பாட்டுகளுக்குப் பிறகு அவரைக் கவர்ச்சி என்ற பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்கள். நாயகிகள் விருந்துக்கு வர ஆரம்பித்ததும், இதையே தொழிலாகக் கொண்டிருந்த நடனக்காரர்களுக்கு இருந்த அந்த ஒரு பாட்டும் போயிற்று. இது யாரும் அதிகம் பேசாத பக்கம்.

2011ல் 'ஒஸ்தி' படத்தில் மல்லிகா ஷெராவத் ஆடிய பாட்டுக்குப் பழைய எல்.ஆர்.ஈஸ்வரியையே கூப்பிட்டுப் பாடவைத்தார்கள். 2021 டிசம்பரில் வந்த 'புஷ்பா' தெலுங்குப் படம் என்றாலும், அதில் சமந்தா ஆடிய பாட்டு தமிழில் ஆண்ட்ரியா குரலில் இங்கேயும் சக்கைப்போடு போட்டது. பார்க்கிற ஆண்களின் புத்தியைப் பார்க்கப்படுகிறவளே கிண்டல் செய்வதுபோல் எழுதப்பட்ட பாட்டு அது. 2023ல் 'ஜெயிலர்' வருவதற்கு ஒரு மாதம் முன்பே தமன்னாவின் பாட்டு யூட்யூபில் வந்து, படம் வரும்வரை ரீல்ஸ் முழுக்க அதுதான். 2025ல் 'கூலி'க்கு பூஜா ஹெக்டேவின் பாட்டு. அன்றைக்கு ஏரியா விற்க சிலுக்கு, இன்றைக்கு டிரெண்டிங்குக்கு ஒரு நட்சத்திரம். வேலை அதேதான். ஆனால் இன்று ஆடுகிறவர் அந்த விற்பனையில் தன் பங்கைக் கேட்டு வாங்குகிறார். அதை நான் முன்னேற்றம் என்றே சொல்வேன்.

கடைசியாக...

"இதெல்லாம் சினிமா, நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி கல்ச்சுரல்ஸில் பாட்டு லிஸ்ட்டை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பையன்கள் கொடுத்த குத்துப்பாட்டு பாஸாகிவிட்டது. பெண்கள் கொடுத்த அதே பாட்டு "உங்களுக்கு வேண்டாம், கிளாசிக்கல் ஏதாவது பண்ணுங்க" என்று திரும்பி வந்தது. அடித்தவர் பாட்டை அடிக்கவில்லை, ஆடப்போகிறவர்களைப் பார்த்து அடித்தார். 'நல்ல வீட்டுப் பெண்' ஆடும் ஆட்டம் வேறு, 'மற்றவள்' ஆடும் ஆட்டம் வேறு என்று தமிழ் சினிமா அறுபது வருடத்துக்கு முன்பு போட்ட கோடு, இன்னும் மேடைகளில் அழியவில்லை.

ஆபாசமான பாட்டே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கேமரா எங்கே போகக் கூடாதோ அங்கே போகிற பாட்டுகள் ஏராளம். ஆனால் அந்தக் கேமராவைப் பிடித்தவர், பாட்டை எழுதியவர், அதை வைத்துப் படத்தை விற்றவர், விசிலடித்துப் பார்த்தவர் எல்லோரும் கௌரவமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். கெட்ட பெயர் மட்டும் ஆடியவருக்கு.

1999ல் பாலாவின் 'சேது' வந்தபோது, அதில் ஒரு பாட்டுக்கு ஜோதிலட்சுமி மறுபடியும் ஆடினார். முப்பது வருடத்துக்கும் மேலாக ஆடிய கால்கள். இளசுகளுக்குச் சமமாக ஈடுகொடுத்திருப்பார். 2016ல் அவர் மறைந்தார். அடுத்த முறை அந்தப் பாட்டு டிவியில் வந்தால், ரிமோட்டை எடுப்பதற்கு முன் அவருடைய காலடி தாளத்தில் விழும் அழகைக் கொஞ்சம் கவனியுங்கள். முரசு மேல் ஆடியிருக்க வேண்டிய கால்கள் அவை.